ஏலியன்: ஐசொலேஷன் – பயம் எத்தனை மணி நேரம் தாங்கும்?

ஓசூரிலிருந்து பேசுறேன். இன்னிக்கு முழு எபிசோடும் ஒரே ஒரு கேமைப் பற்றித்தான்: 'ஏலியன்: ஐசொலேஷன்'. 2014 அக்டோபர் 7-ல் வந்தது. "இவ்வளவு பழைய கேமுக்கு இப்ப என்ன அவசரம்?"னு கேட்பீங்க. அது வெளியாகிச் சரியாகப் பத்து வருஷம் முடிந்த நாளில், 2024 அக்டோபர் 7 அன்று, அடுத்த பாகத்தின் வேலை ஆரம்பித்துவிட்டது என்று அதன் கிரியேட்டிவ் டைரக்டர் ஆல் ஹோப் அறிவித்தார். அதற்கு முன்னாடியே, 2021 டிசம்பரில், முழு கேமும் போனுக்கு வந்துவிட்டது. அதனால் பிளேஸ்டேஷன் இல்லாதவர்கள் நிறைய பேர் இப்பதான் இதைத் தொட்டுப் பார்க்கிறார்கள்.

சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்க்கிற ஒரு நேயர் கேட்ட கேள்விதான் இந்த எபிசோடுக்கே காரணம். "வாரத்துக்கு ஆறு நாள் டியூட்டி. கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி, குளிச்சு, சாப்பிட்டா, தூங்குறதுக்கு முன்னாடி ஒன்றரை மணி நேரம் மிஞ்சும். அதை இந்த கேமுக்குக் கொடுக்கலாமா?"

நியாயமான கேள்வி. பெரும்பாலான ரிவியூக்கள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதே இல்லை. நேரம் கொட்டிக் கிடக்கிறவர்கள்தான் விளையாடுவார்கள் என்று அவர்களாகவே முடிவு பண்ணிவிடுகிறார்கள். என் பதிலை முன்னாடியே சொல்லிவிடுகிறேன். முதல் பாதி, நான் விளையாடிய ஹாரர் கேம்களிலேயே மிகச் சிறந்தது. இரண்டாம் பாதியில் பல இடங்கள் ஓவர்டைம். சம்பளம் இல்லாத ஓவர்டைம். ஏன் அப்படி ஆச்சு என்பதைத்தான் இன்னிக்குப் பிரித்துப் பார்க்கப் போகிறோம்.

முதலில் கதை. 1979-ல் ரிட்லி ஸ்காட் எடுத்த 'ஏலியன்' படம் தெரியும்தானே? நாஸ்ட்ரமோ என்ற சரக்குக் கப்பல், அதற்குள் நுழைந்த ஒரே ஒரு ஜந்து, தப்பித்த ஒரே பெண் எலன் ரிப்லி. அந்தச் சம்பவம் நடந்து பதினைந்து வருஷம் கழித்து, 2137-ல் இந்த கேம் தொடங்குகிறது. அம்மா என்ன ஆனாள் என்று தெரியாமல் தேடிக்கொண்டிருக்கும் மகள் அமாண்டா ரிப்லிதான் நாம். நாஸ்ட்ரமோவின் பதிவுப்பெட்டி செவஸ்டபோல் என்ற விண்வெளி நிலையத்தில் கிடைத்திருக்கிறது என்று தகவல் வருகிறது. போகிறாள். போனால், அங்கே விளக்கெல்லாம் அணைந்து கிடக்கிறது. ஆட்கள் ஒருவரை ஒருவர் சுட்டுக்கொள்கிறார்கள். மேலே ஏசி டக்ட்டுக்குள் ஏதோ ஒன்று ஓடுகிறது.

அமாண்டா ராணுவக்காரி இல்லை, இன்ஜினியர். அவள் கையில் இருப்பது ஸ்பேனர், டார்ச், கதவு வெட்டுகிற கருவி. மெயின்டனன்ஸ் டிபார்ட்மென்ட் ஆட்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், ஹாரர் கேமில் உங்களுக்கு ஹீரோ வேஷம் கிடைப்பது அபூர்வம், அனுபவியுங்க.

இப்ப நல்லதைப் பேசலாம். எல்லோரும் ஏலியனில்தான் ஆரம்பிப்பார்கள். நான் அந்த இடத்தில் ஆரம்பிக்கிறேன். செவஸ்டபோல் என்பது பேய் வீடு இல்லை, ஒரு கம்பெனி ஊர். சீக்சன் என்ற நிறுவனத்துக்குச் சொந்தமானது. போட்டியில் பெரிய நிறுவனத்திடம் தோற்றுப்போய், நிலையத்தையே மூடிக்கொண்டிருக்கிறார்கள். பாதிப் பேர் கிளம்பியாச்சு, மீதிப் பேர் மாட்டிக்கொண்டார்கள். அங்கே இருக்கிற கம்ப்யூட்டர்களைத் திறந்தால் ஊழியர்களின் மெயில்கள்: ரிப்பேருக்குப் பொருள் வரவில்லை, ஆள் குறைப்பு, அடுத்து யார் தலை. சுவரில் கம்பெனியின் சிரித்த முகப் போஸ்டர், அதன் மேலேயே கரியால் எழுதிய திட்டு. மூடின ஆலையின் கேட்டைக் கடந்து தினமும் பஸ்ஸில் போகிறவர்களுக்கு இந்த இடத்தை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஜந்து வருவதற்கு முன்னாடியே அந்த ஊர் செத்துவிட்டது. பயத்துக்கு அடித்தளமே அதுதான்.

இதைக் கட்டியவர்கள் இங்கிலாந்தின் கிரியேட்டிவ் அசெம்பிளி. 'டோட்டல் வார்' என்ற போர்த்தந்திர கேம்களுக்குப் பெயர் போனவர்கள். ஹாரருக்கும் அவர்களுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. படத்தின் உரிமையாளரான ஃபாக்ஸ் நிறுவனம் 1979 படத்தின் வரைபடம், போட்டோ, ஒலிப்பதிவு என்று சுமார் 3 டெராபைட் பொருளை அவர்களுக்குத் திறந்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு ஒரு கட்டுப்பாடு போட்டுக்கொண்டார்கள்: 1979-ல் ஒருவர் கற்பனை செய்திருக்க முடியாத எதுவும் கேமில் வரக்கூடாது. டச் ஸ்கிரீன் இல்லை, பளபளப்பு இல்லை. திரையில் ஓடும் எழுத்துகளைக்கூட பழைய வீடியோ கேசட்டில் பதிந்து, பழைய டிவியில் ஓடவிட்டு, அதை மறுபடி படம்பிடித்துச் சேர்த்தார்கள். அந்தக் கோடு கோடாக நடுங்குகிற திரை எஃபெக்ட் அப்படி வந்ததுதான். இத்தனை வருஷம் கழித்தும் இந்த கேம் பார்ப்பதற்குப் பழசாகத் தெரியாததற்குக் காரணம், அது பிறக்கும்போதே பழசாகப் பிறந்தது.

அடுத்து, ஒர்க்கிங் ஜோ. சீக்சன் தயாரித்த மலிவு விலை ஆண்ட்ராய்டுகள். ரப்பர் முகம், கண்ணில் வெளிச்சம், ஒரே சீரான குரல். ஓடாது, கத்தாது. நடந்து வந்து, பாதுகாப்பு விதிமுறையை மரியாதையாக ஞாபகப்படுத்திக்கொண்டே கழுத்தை நெரிக்கும். இண்டக்‌ஷன் டிரெய்னிங்கில் ஹெல்மெட் போடச் சொல்கிற அதே குரலில் உங்களைக் கொல்கிறது. எனக்கு ஏலியனைவிட இதுதான் கனவில் வந்தது.

சரி, ஏலியன்.

நம்ம பகுதியிலிருந்தே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டு வருகிறேன். ராகி அறுவடைக் காலத்தில் கர்நாடகக் காட்டிலிருந்து யானைகள் இந்தப் பக்கம் இறங்கும். சானமாவு, தேன்கனிக்கோட்டை, தளி பக்கம் ஆட்களிடம் கேட்டுப் பாருங்க, கூட்டத்தைவிட அவர்கள் அதிகம் பயப்படுவது ஒற்றை யானைக்கு. கூட்டம் எங்கே நிற்கிறது என்று சத்தத்தில் தெரிந்துவிடும், ஒற்றை எங்கே நிற்கிறது என்று தெரியாது. பரண் மேல் காவல் இருக்கிறவர் பார்ப்பதைவிடக் கேட்பதுதான் அதிகம். கிளை முறிகிறதா? சோளத்தட்டை அசைகிறதா? பட்டாசு வெடித்தால் போகும். ஆனால் அடிக்கடி வெடித்தால் யானைக்கு அது பழகிப்போகும். அதனிடம் சண்டை போட்டு ஜெயிக்க வழி கிடையாது. அது போகிற வரை நீ அசையாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அங்கே போவது உண்மையான உயிர். அதையும் கேமையும் நான் ஒன்றாக்கவில்லை. ஆனால் 'ஐசொலேஷன்' செய்திருக்கிற வேலை எந்த வகைப் பயம் என்று கேட்டால், இந்த வகைதான் என்பேன். பேய்ப் படத்தில் திடீரென்று முகம் வந்து கத்துமே, அந்த வகை கிடையாது.

அதற்கு முந்தின வருஷம், 2013-ல், 'ஏலியன்ஸ்: காலனியல் மரீன்ஸ்' என்று ஒரு கேம் வந்தது. அதில் ஏலியன்கள் கூட்டம் கூட்டமாக வந்து, துப்பாக்கிக்கு முன்னாடி நின்று செத்துப்போகும். அதன் செட்டிங்ஸ் ஃபைலில் ஒரே ஒரு ஆங்கில எழுத்து கூடுதலாக டைப் ஆனதால் ஏலியன்களின் புத்தி மழுங்கியது என்று பல வருஷம் கழித்துக் கண்டுபிடித்தார்கள். தனி எபிசோடே பண்ணலாம். இங்கே ஒரே ஒரு ஏலியன். சுட்டால் சாகாது. சுட்ட சத்தத்துக்கு ஓடி வரும்.

அது எப்படி யோசிக்கிறது? இங்கேதான் இந்த கேமின் மூளை இருக்கிறது. ஏலியனை நடத்துவது ஒன்றல்ல, இரண்டு புரோகிராம். ஃபேக்டரி கணக்கில் சொல்கிறேன். ஒன்று கன்ட்ரோல் ரூம். அதற்கு சிசிடிவியில் எல்லாம் தெரியும், நீங்கள் எந்த லாக்கரில் ஒளிந்திருக்கிறீர்கள் என்பது உட்பட. இன்னொன்று ரவுண்ட்ஸ் போகிற செக்யூரிட்டி. ஏலியன் இந்த இரண்டாவது ஆள். கன்ட்ரோல் ரூம் அதனிடம், "மூணாவது லாக்கரில் இருக்கான், பிடி" என்று ஒருபோதும் சொல்லாது. "பி பிளாக் பக்கம் ஒரு ரவுண்டு போய்ட்டு வா" என்று மட்டும் சொல்லும். அதற்குமேல் உங்களைக் கண்டுபிடிப்பது அதன் கண்ணும் காதும். நீங்கள் ஓடினால் கேட்கும். டார்ச் அடித்தால் பார்க்கும். பார்க்காவிட்டால், கேட்காவிட்டால், உங்களைக் கடந்து போய்விடும்.

இதனால் என்ன லாபம்? நீங்கள் செத்தால், பெரும்பாலும் உங்களால்தான் செத்தீர்கள். கேம் ஏமாற்றவில்லை. அதே சமயம் ஏலியன் எப்போதும் உங்கள் பேட்டையிலேயே சுற்றிக்கொண்டிருக்கும், தொலைந்து போகாது.

அந்த கன்ட்ரோல் ரூமிடம் ஒரு மீட்டரும் உண்டு. ஏலியன் உங்களுக்குப் பக்கத்திலேயே ரொம்ப நேரம் நின்றால் மீட்டர் ஏறும். உச்சத்துக்குப் போனதும், "போதும், நீ கிளம்பு" என்று ஏலியனைத் திரும்ப டக்ட்டுக்குள் கூப்பிட்டுக்கொள்ளும். உங்களுக்கு மூச்சு விட ஒரு இடைவெளி. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தலைக்கு மேலே தடதட. பயம் என்பது இடைவிடாமல் அடிக்கிற மழை இல்லை, விட்டு விட்டுப் பெய்தால்தான் நனைவது தெரியும் என்று யாரோ நன்றாக யோசித்திருக்கிறார்கள்.

"ஏலியன் நம்மகிட்ட இருந்து கத்துக்குது"ன்னு நெட்டில் நிறைய பேர் சொல்வார்கள். கற்றுக்கொள்வதில்லை. அதன் முடிவுகள் ஒரு மரம் மாதிரி கிளை கிளையாக எழுதப்பட்டிருக்கின்றன. சில கிளைகள் ஆரம்பத்தில் பூட்டி வைக்கப்பட்டிருக்கும். கேம் போகப் போக ஒவ்வொன்றாகத் திறக்கும். நமக்கு அது "ஐயோ, என் தந்திரம் இதுக்குத் தெரிஞ்சுபோச்சு" என்று தோன்றும். நெருப்புக் குழாயைக் காட்டினால் முதலில் பயந்து ஓடுகிற ஜந்து, பிற்பாடு அவ்வளவு சுலபமாகப் பின்வாங்காது. பட்டாசுக்குப் பழகின யானை ஞாபகம் வருதா?

இதன் ஆரம்ப மாதிரி ஒரு கண்ணாமூச்சி விளையாட்டு. ஒளிகிறவர்கள் ஒரு பக்கம், ஏலியனாக இன்னொரு மனிதர் கன்ட்ரோலரைப் பிடித்துக்கொண்டு தேடுவார். மனிதன் தேடுகிற அந்தக் குசும்பை புரோகிராமுக்குள் கொண்டுவர முயன்றிருக்கிறார்கள் என்பது விளையாடும்போது தெரியும்.

சத்தத்தைப் பற்றி ஒன்று. 2015-ல் பாஃப்டாவின் ஒலிக்கான விருது இதற்குத்தான் கிடைத்தது. உங்கள் கையில் மோஷன் டிராக்கர் என்று ஒரு கருவி, படத்தில் வருகிற அதேதான். நகர்கிற எதையும் புள்ளியாகக் காட்டி பீப் அடிக்கும். ஆனால் அதைப் பார்க்கும்போது எதிரே இருப்பது மங்கிவிடும். இரண்டையும் ஒரே நேரத்தில் தெளிவாகப் பார்க்க விடாது. போதாக்குறைக்கு, ஏலியன் ரொம்பப் பக்கத்தில் இருந்தால் அந்த பீப் சத்தமே உங்களைக் காட்டிக்கொடுக்கும். உங்களைக் காப்பாற்றுகிற கருவிக்கு இப்படி ஒரு விலை வைத்ததுதான் நல்ல டிசைன். பிஎஸ்4-லும் எக்ஸ்பாக்ஸ் ஒன்னிலும் இன்னொரு வம்பும் வைத்தார்கள். கேமரா மைக் இருந்தால், நிஜமாகவே உங்கள் ரூமில் எழுகிற சத்தம் ஏலியனுக்குக் கேட்கும். பெங்களூர் ஹைவே ஓரம் ரூம் எடுத்திருக்கிறவர்கள் அதை ஆன் பண்ணாதீங்க. ஒவ்வொரு லாரி ஹாரனுக்கும் ஒரு சாவு.

இப்ப குறைகளுக்கு வருவோம்.

'ஏலியன்' படம் இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. கேமை முடிக்க சாதாரணமாகப் பதினைந்திலிருந்து இருபது மணி நேரம். மொத்தம் 18 மிஷன். அந்த ஒன்றரை மணி நேரக் கணக்கில், தினமும் விளையாடினாலே இரண்டு வாரம் ஆகும். நீளம் மட்டும் தப்பில்லை, அந்த நீளத்தை எதை வைத்து நிரப்புகிறார்கள் என்பதுதான் தப்பு. ஜெனரேட்டரை ஆன் பண்ணு. லிஃப்ட் வரும். கார்டு வேணும். கார்டு இன்னொரு மாடியில். போய் எடுத்து வா. இப்ப அந்த லிஃப்ட் வேலை செய்யாது. ஒரே பாதையில் மூன்று தடவை நடக்கிறோம்.

ஐந்தாவது மிஷன் ஒரு ஆஸ்பத்திரி, சான் கிறிஸ்டோபல். கேமின் உச்சம் அதுதான். முதல் தடவையாக ஏலியனோடு நேரடியாக மாட்டிக்கொள்கிறீர்கள். அங்கே ஒரு வராண்டாவைக் கடக்கப் பத்து நிமிஷம் ஆகும், அந்தப் பத்து நிமிஷமும் தங்கம். ஆனால் பத்தாவது மிஷனில் கதை ஒரு பெரிய முடிவை எட்டுகிறது. (கதை தெரிய வேண்டாம் என்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போங்க.) ஏலியனைப் பொறிவைத்துப் பிடித்து நிலையத்திலிருந்தே கழற்றி வெளியே தள்ளுகிறார்கள். அங்கேயே முடித்திருக்கலாம். முடிக்கவில்லை. அதற்கப்புறம் கொஞ்ச நேரம் ஒர்க்கிங் ஜோக்களோடு சண்டை. அப்புறம் ஏலியன் ஒன்றல்ல, கூடே இருக்கிறது என்று தெரியவருகிறது. ஒற்றை யானைக்குப் பயந்தோம், இப்ப கூட்டம் வந்துவிட்டது. விசித்திரம் என்னவென்றால், கூட்டம் வந்ததும் என் பயம் குறைந்துவிட்டது. எரிச்சல்தான் கூடியது. அதற்குப் பிறகும் 'இதோ முடிஞ்சது' என்கிற மாதிரி இரண்டு மூன்று இடங்கள் வரும். கடைசியில் நிஜமாகவே முடிகிறபோது, பட்டென்று கரண்ட் போன மாதிரி முடியும்.

இன்னொரு குறை, சேவ் பண்ணுகிற முறை. சுவரில் ஒரு எமர்ஜென்சி போன். அதில் கார்டைச் சொருக வேண்டும். மூன்று விளக்கு ஒவ்வொன்றாக எரிகிற வரை காத்திருக்க வேண்டும். ஷிப்ட் முடிந்து பஞ்ச் பண்ண லைனில் நிற்கிற மாதிரி, பின்னாடி யார் வருகிறார்கள் என்று தெரியாது. சேவ் ஆகிற அந்த வினாடியிலேயே ஏலியன் உங்களைக் குத்திவிடலாம். முதல் ஐந்து மணி நேரத்துக்கு இது அற்புதம். நான் சொல்வது வேறு கணக்கு. ஒரு போனுக்கும் அடுத்த போனுக்கும் நடுவில் இருபது நிமிஷம் ஊர்ந்து போய், கடைசி அடியில் செத்தால், அந்த இருபது நிமிஷமும் போச்சு. இரண்டாவது தடவை அதே வழி. எங்கே டிராயர், எங்கே ஆண்ட்ராய்டு, எல்லாம் தெரியும். மூன்றாவது தடவை வாயில் அசெம்பிளி லைன் ரிதம் வந்துவிடுகிறது: குனி, திற, எடு, ஓடு. அங்கே பயம் இல்லை. திரும்பச் செய்கிற வேலை மட்டும்தான் இருக்கிறது. பயத்துக்குத் தெரியாமை வேண்டும், சாவோ தெரிந்த வழியையே திரும்ப நடக்க வைக்கிறது. இந்த முரணை கேம் கடைசி வரை தீர்க்கவில்லை.

கன்ட்ரோல் ரூம் உத்தியும் நீண்ட ஓட்டத்தில் திருப்பி அடிக்கிறது. ஏலியன் எப்போதும் உங்கள் பக்கத்திலேயே சுற்றுகிறது என்று பன்னிரண்டு மணி நேரம் கழித்து உங்களுக்கே புரிந்துவிடும். வரும், தேடும், போகும், வரும். நிலையம் பெரிசு, ஆனால் இவன் ஏன் என் பின்னாலேயே? அதுவரை காட்டு ஜந்துவாக இருந்தது அப்ப டைம் டேபிள் பார்த்து வருகிற டவுன் பஸ் ஆகிவிடுகிறது.

மனிதக் கதாபாத்திரங்கள் ரொம்ப மெலிசு. அமாண்டாவுக்கு அம்மாவைத் தேடுகிற காரணம் இருக்கிறது, அதற்குமேல் அவள் மனசுக்குள் நம்மை விடுவதில்லை. முக அசைவுகள் மரப்பொம்மை. ஜோக்களுக்கு ரப்பர் முகம் பொருந்துகிறது, மனிதர்களுக்கும் ஏன்?

இந்த இரண்டு பக்கமும் ரிவியூவர்களையே பிரித்தது. ஐஜிஎன் 10-க்கு 5.9 கொடுத்தது. பிசி கேமர் 100-க்கு 93 கொடுத்து, அந்த வருஷத்தின் சிறந்த கேம் என்றும் அறிவித்தது. இரண்டு பேரும் ஒரே கேமைத்தான் விளையாடினார்கள். எனக்கு பிசி கேமர் பக்கம்தான் சாய்வு, ஆனால் ஐஜிஎன் ஆளின் அலுப்பு பொய் இல்லை. 2015 மார்ச் வரை சுமார் 21 லட்சம் பிரதிகள் விற்றும், வெளியிட்ட சேகா நிறுவனத்துக்கு அது போதவில்லை. அடுத்த பாகத்துக்குப் பத்து வருஷம் ஆனது அதனால்கூட இருக்கலாம்.

இப்ப அந்த நேயருக்கு நேரடியாக. முழுக் கதையில் குதிக்காதீங்க. போன் வெர்ஷனில் எல்லா கூடுதல் பகுதிகளும் சேர்ந்தே வருகின்றன. அதில் 'க்ரூ எக்ஸ்பெண்டபிள்' என்று ஒன்று இருக்கிறது. 1979 படத்தின் ஒரு கட்டத்தையே நாஸ்ட்ரமோவுக்குள் விளையாட வைக்கிறார்கள். சிகோர்னி வீவர் உட்பட அசல் நடிகர்கள் பலர் திரும்ப வந்து குரல் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஒரு கப்பல், ஒரு ஜந்து, செய்ய வேண்டியது ஒரே வேலை. மேலே சொன்ன நல்லது எல்லாம் அதில் உண்டு, கெட்டது வருவதற்கு நேரமே இல்லை. இந்த கேம் எவ்வளவு நீளமாக இருந்திருக்க வேண்டும் என்பதற்கு அதுவே பதில் என்று நான் நினைக்கிறேன்.

அது பிடித்தால் பெரிய கதைக்குப் போங்க. நைட் ஷிப்ட் வாரத்தில் வேண்டாம், அரைத் தூக்கத்தில் இந்த கேம் வெறும் எரிச்சல். லீவு நாளில், ஹெட்போன் போட்டு, மீடியம் டிஃபிகல்ட்டியில். ஹார்டில் ஏலியன் இன்னும் நல்லாயிருக்கும், ஆனால் திரும்பச் செய்கிற வேலை இரட்டிப்பாகும். போனைப் பார்த்தால் கடந்து போகாதீங்க, இப்பத்தான் சேவ் பண்ணினோம் என்று நினைத்தாலும் பண்ணுங்க. டச் கன்ட்ரோலில் ஊர்ந்து போவது பரவாயில்லை, அவசரத்தில் லாக்கர் திறப்பது கஷ்டம். ப்ளூடூத் கன்ட்ரோலர் யாரிடமாவது இருந்தால் இரவல் வாங்குங்க. பத்தாவது மிஷன் முடிந்ததும் ஒரு வாரம் நிறுத்திப் பாருங்க. திரும்பிப் போகணும்னு கை பரபரத்தால் போங்க. இல்லையா, அதுவே உங்க முடிவுன்னு வெச்சுக்கிட்டு அன்இன்ஸ்டால் பண்ணிடுங்க, போனில் அது பிடித்திருக்கிற இடமும் சும்மா இல்லை.